கன்வெர்ட்டர் பட்ட பாடு

அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் வாங்கப்பட்டு, இரண்டு மூன்று கை மாறி, ஒன்றரை லட்சம் மைலைத் தாண்டிய பின்னும் மழையென்றும் பனியென்றும் பாராமல் உழைத்துக்கொண்டிருக்கும் ஜீப் செரோக்கி, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் முதலிய பழைய எஸ்.யூ.வி. வண்டிகளின் சொந்தக்காரர்களிடையே ஒரு மனக்குறை வெகு சாதாரணமாகக் கேட்கக்கூடியது. முகப்புப் பலகையில் எஞ்சின் விளக்கு எரிகிறது. பட்டறைக்காரர் சிறு கருவியொன்றைச் செருகிப் பார்த்து, 'பி 0420' என்ற குறியைக் காட்டி, புகையின் நச்சை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்கிறார். பெருந்தொகை கொடுத்துப் புதியது பூட்டப்படுகிறது. ஒன்றிரண்டு ஆண்டு கழியுமுன் அதே விளக்கு, அதே குறி, அதே தீர்ப்பு. இந்தக் காலத்துச் சரக்கே இப்படித்தான் என்று சொந்தக்காரர் அலுத்துக்கொள்கிறார்.

அவருடைய கோபம் நியாயமானதே. ஆனால் அது ஆள் மாறிப் பாய்கிறது என்பது அச்சாதனத்தின் சரித்திரத்தைப் புரட்டுகிறவர்களுக்குப் புலப்படும். வண்டியின் அடிவயிற்றில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், உராய்ந்து தேய்வதற்கு இடமில்லாமல், தான் தூண்டிவிடும் ரசாயன மாற்றத்தில் தான் செலவாகிவிடாமலே கிடக்கும் பொருள் அது. ஆதலால் நியாயப்படி வண்டியின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவு அதற்கும் இருந்தாக வேண்டும். அது அற்பாயுளில் மாண்டதென்றால், அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளவேண்டியிருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இந்த இரும்புப் பெட்டியின் விஷயத்தில் அது பிறப்பதற்கு முன்பிருந்தே நடந்துவரும் கதை.

1943 ஜூலை 26ஆம் நாள் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தார் கண்ணெரிச்சலும் தொண்டைக் கரகரப்புமாகத் தவித்தபோது, யுத்தகாலமாதலால், ஜப்பானியர் விஷவாயுவை வீசிவிட்டார்கள் என்ற வதந்தி முதலில் பரவிற்று. அது வெறும் வதந்தி என்று தெளிந்ததும், செயற்கை ரப்பருக்காக அலிசோ வீதியில் பியூட்டடையீன் தயாரித்துவந்த ஆலையின்மேல் சந்தேகம் விழுந்தது. ஆலையை நிறுத்திச் சீர்செய்தார்கள், புகைமூட்டமோ நின்றபாடில்லை. அடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், அதற்கும் அடுத்து வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிக்கும் அடுப்புகள் என்று குற்றவாளிகளின் ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று; அந்தக் கொல்லை அடுப்புகளை 1957இல் அடியோடு தடைசெய்தார்கள். அவற்றுக்கும் ஓரளவு பங்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நாள்தோறும் தாங்களே ஓட்டிச்செல்லும் மோட்டார் காரின்மேல் சந்தேகப்பட ஜனங்களுக்கு அவ்வளவு சுலபத்தில் மனம் வரவில்லை.

அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவர் மோட்டார்த் தொழிலுக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத ஒருவர். பாஸடீனாவிலுள்ள கால்டெக் கலாசாலையில் அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த, ஹாலந்தில் பிறந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயனப் பேராசிரியர், பழ மணத்தைச் சேகரிக்கக் கைவசம் இருந்த அதே உபாயத்தால் ஊர்க் காற்றைக் குளிரவைத்து வடித்துப் பார்த்தார். பழுப்பு நிறமும் துர்நாற்றமும் கொண்ட திரவம் சிறிதளவு கிடைத்தது. பெட்ரோலின் எரியாத மிச்சமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலிபோர்னியாவின் பிரகாசமான வெயிலில் ஒன்றோடொன்று கூடி ஓஸோனை உண்டாக்குகின்றன என்பதையும், கண்ணைக் கரிக்கும் அந்தப் புகைமூட்டம் அதன் விளைவே என்பதையும் 1950களின் தொடக்கத்தில் அவர் நிரூபித்தார். எண்ணெய் வர்த்தகத்தாரின் செலவில் ஆராய்ந்தவர்கள் அதை மறுத்துப் பேச, அன்னாசியைக் கைவிட்டுவிட்டு அவர் முழுமூச்சாகப் புகையின் பின்னே போகும்படி ஆயிற்று.

இதே காலத்தில், பென்சில்வேனியாவில், அந்தப் புகைக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தவர் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸுக்கு அருகே டோமோன் என்னும் ஊரில் 1892இல் பிறந்து, முதல் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் காயம்பட்டு, மோட்டார் பந்தயங்களில் மோகம் கொண்டு, அந்த மோகத்தின் வழியாகவே நல்ல பெட்ரோல் எது என்ற ஆராய்ச்சியில் இறங்கிய மனிதர் அவர். கனத்த எண்ணெயைக் கிரியா ஊக்கியின் உதவியால் உடைத்து உயர்ந்த பெட்ரோலாக்கும் அவருடைய முறை 1937இல் மார்க்கஸ் ஹூக்கிலுள்ள சன் ஆயில் ஆலையில் பெருமளவில் நடைமுறைக்கு வந்தது. முதுமையை எட்டும் தறுவாயில், தாம் பெருக்கிவிட்ட பெட்ரோலின் புகை மனிதரின் நுரையீரலை என்ன செய்கிறது என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. பிளாட்டினம் போன்ற உலோகத்தின் மேற்பரப்பில் எரிவாயு ஜ்வாலையின்றியே எரியும் என்பது, ஹம்ப்ரி டேவி 1817இல் கண்டு சொன்ன நாள் முதலாக விஞ்ஞானிகள் அறிந்ததே. அந்த உண்மையை மோட்டார்ப் புகைக்குழாய்க்குள் கொண்டுவந்து ஹூட்ரி செய்த சாதனத்துக்கு 1956இல் காப்புரிமை கிடைத்தது. கிடங்குகளுக்குள் ஓடும் சுமைதூக்கி வண்டிகளில் அது வேலைசெய்தது. வீதியில் ஓடும் கார்களிலோ பிழைக்க வழியில்லாமல் போயிற்று.

அதற்குக் காரணம் பெட்ரோலில் இருந்த ஈயம். எஞ்சினில் எழும் 'நாக்கிங்' என்ற தட்டல் ஓசையை அடக்க, ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிசாலையில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டுபிடித்து, 1923 முதல் விற்பனைக்கு வந்த டெட்ரா-எத்தில் ஈயம், அமெரிக்கப் பெட்ரோலில் அநேகமாக எங்கும் கலந்துவிட்டிருந்தது. அந்த ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து, வாயுக்கள் அதைத் தொடமுடியாதபடி மூடிவிடும். பெட்ரோலை மாற்றாமல் கன்வெர்ட்டரைப் பொருத்துவதில் பயனில்லை. காருக்கு அவசியம் ஏற்படாதவரை பெட்ரோலை மாற்ற எண்ணெய்க் கம்பெனிகளுக்கு அக்கறை இல்லை. இந்த இழுபறி தீருமுன்பே, 1962இல், ஹூட்ரி காலமானார்.

முடிச்சை அவிழ்த்தது அரசாங்கத்தின் கட்டாயம். செனட்டர் எட்மண்ட் மஸ்கியின் முயற்சியால் உருவாகி, 1970 டிசம்பர் 31ஆம் நாள் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம், கார்ப் புகையிலுள்ள முக்கிய நச்சுகளை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைத்தாகவேண்டும் என்று விதித்தது. அது எப்படிச் சாத்தியமாகும் என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது உற்பத்தியாளர் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். ஈயத்தைப் பெட்ரோலுக்குள் புகுத்திய அதே ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த எட்வர்டு கோல், அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஈயமில்லாப் பெட்ரோல் வேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டிருந்தார் என்பதையும், அந்த ஈயத்தை விற்றுவந்த எத்தில் கம்பெனியில் தனக்கிருந்த பங்கை அந்த ஸ்தாபனம் 1962லேயே கைகழுவியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், வியாபார உலகத்தின் மனச்சாட்சி எப்போது விழிக்கிறது என்பது பற்றி வாசகர் தமக்குத் தோன்றிய அபிப்பிராயத்துக்கு வரலாம்.

கார்னிங் கண்ணாடிக் கம்பெனியில் பாக்லி, லாக்மன், லூயிஸ் என்ற மூவர், கார்டியரைட் என்னும் பீங்கான் வகையைத் தேன்கூடு போல நுண்ணிய நெடுந்துளைகள் நிரம்பிய கட்டியாக வார்க்கும் வழியைக் கண்டார்கள். ஒரு சதுர அங்குலத்தில் சில நூறு துளைகள். ஒவ்வொரு துளையின் சுவரிலும் கரடுமுரடான அலுமினா பூச்சு. அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிளாட்டினமும் பலேடியமும். சில கிராம் உலோகம் இவ்விதமாகப் பிரம்மாண்டமான பரப்பில் விரிந்து நின்று, கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாகவும், எரியாத பெட்ரோலை நீராவியும் கரியமில வாயுவுமாகவும் மாற்றிவிடும். 1975ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை கன்வெர்ட்டருடனேயே வந்தன. 1974 ஜூலையிலிருந்து பெட்ரோல் நிலையங்கள் ஈயமில்லாப் பெட்ரோலை வைத்திருக்கவேண்டும் என்றும் விதித்தார்கள். புதிய கார்களின் தொட்டி வாயைக் குறுக்கி, ஈயமில்லாப் பெட்ரோல் ஊற்றும் குழாய் முனை 0.840 அங்குலத்துக்கு மேற்படக்கூடாது, ஈயப் பெட்ரோலின் முனை 0.930 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று அளவும் குறித்தார்கள்.

மனித சுபாவத்தைக் கால் அங்குலத்திலும் குறைந்த ஒரு வித்தியாசத்தால் கட்டிவிடலாம் என்று எண்ணியது அதிகாரிகளின் வெகுளித்தனம். ஈயப் பெட்ரோல் காலனுக்குச் சில சென்ட் மலிவு. வண்டி அதில் இன்னும் துடியாக ஓடுகிறது என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. ஆகவே தொட்டி வாயிலுள்ள தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எறிந்தவர்களும், புனல் வைத்து ஊற்றியவர்களும் ஏராளம். இரண்டு மூன்று தொட்டி நிறைய ஈயப் பெட்ரோல் போதும், கன்வெர்ட்டர் பெயரளவுக்கு மட்டும் வண்டியில் இருக்கும். பரிசோதகர்கள் வண்டிகளை நிறுத்தி, ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் ரசாயனத் தாளை நனைத்துப் புகைக்குழாயின் உட்சுவரில் அழுத்திப் பார்ப்பார்கள். தாள் சிவந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த நாட்களில் அகால மரணமடைந்த கன்வெர்ட்டர்களைப் பற்றி, அரசாங்கம் நம் தலையில் கட்டிய பயனற்ற டப்பா என்று நாடு முழுவதும் வசைபாடியவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் புனல் இருந்ததோ!

இந்த அத்தியாயத்தின் சிறு பிரதி ஒன்று நம் ஊரிலும் நடந்தது. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் சுப்ரீம் கோர்ட்டில் நடத்திய வழக்கைத் தொடர்ந்து, 1995 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயமில்லாப் பெட்ரோலும் அந்நகரங்களில் கிடைக்கத் தொடங்கியது. தேசமெங்கும் ஈயம் ஒழிந்ததோ 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில், ஈயமில்லாப் பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்காத நிலையில், சென்னையில் வாங்கிய புதுக் காரில் நெடுந்தூரம் கிளம்பியவர், வழியில் கிடைத்த பங்க்கில் கிடைத்ததை ஊற்றிக்கொள்ளும் நிர்ப்பந்தத்துக்கு ஆளானார். அமெரிக்கர் காசு மிச்சம் பிடிக்கச் செய்ததை நாம் வேறு வழியின்றிச் செய்தோம்.

ஈயம் என்ற பெரிய பகைவன் மறைந்தபின் கன்வெர்ட்டருக்கு வேறொரு விதமான பராதீனம் வாய்த்தது. எங்கல்ஹார்டு கம்பெனியில் ஜான் மூனி, கார்ல் கீத் என்ற இருவரின் தலைமையில் 1970களில் உருவான மும்முனைக் கன்வெர்ட்டர், முன் சொன்ன இரண்டு நச்சுகளோடு நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ரோடியத்தின் துணையால் ஒரே பெட்டிக்குள் மாற்றிவிட்டது. ஆனால் அது ஒரு நிபந்தனை போட்டது: எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் சற்றும் பிசகாமல் எஞ்சின் எரிய வேண்டும். 1977ஆம் ஆண்டு மாடலாகக் கலிபோர்னியாவுக்கு வந்த வோல்வோவில், புகையிலுள்ள பிராணவாயுவை அளந்து எஞ்சினுக்குச் செய்தி சொல்லும் பாஷ் கம்பெனியின் சென்சார் அந்தப் பொறுப்பை ஏற்றது. அது முதல் கன்வெர்ட்டரின் ஆயுள், அதற்கு முன்னே திருகப்பட்டிருக்கும் விரலளவு சென்சாரின் யோக்கியதையைப் பொறுத்ததாகிவிட்டது.

எஸ்.யூ.வி. வண்டிகள் இந்தக் கதைக்குள் சற்றுப் பின்வாசல் வழியாக நுழைந்தன. சட்டத்தின் கண்ணுக்கு அவை கார்கள் அல்ல, இலகு லாரிகள். 1984 மாடலாக வந்த செரோக்கிக்கும் 1990இல் விற்பனைக்கு வந்த எக்ஸ்ப்ளோரருக்கும் கார்களைவிடத் தளர்ந்த வரம்புகளே விதிக்கப்பட்டிருந்தன. குடும்பத்தோடு கடைக்குப் போக இவற்றையே அமெரிக்கா வாங்கிக் குவித்தபின், 1999 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2004 முதல் 2009 வரை படிப்படியாக அமலான விதிகளே இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தின. இதற்கிடையே 1996 முதல், கன்வெர்ட்டர் வேலைசெய்கிறதா என்று வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதும் கட்டாயமாயிற்று. கன்வெர்ட்டருக்கு எட்டு ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதமும் சட்டத்தில் ஏறிற்று. நாம் பேசிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு அந்த உத்தரவாதம் காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது.

வண்டி தன்னைச் சோதித்துக்கொள்ளும் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னே ஒரு சென்சார், பின்னே ஒரு சென்சார். முன்னது, கலவை கூடியும் குறைந்தும் மாறமாற, ஓயாமல் மேலும் கீழும் ஆடும். ஆரோக்கியமான கன்வெர்ட்டர் பிராணவாயுவைத் தனக்குள் சேமித்தும் கொடுத்தும் அந்த ஆட்டத்தை விழுங்கிவிடுவதால், பின்னது ஏறக்குறைய ஸ்திரமாக நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் 'பி 0420' எழுதப்படுகிறது. அதாவது, கன்வெர்ட்டர் வேலைசெய்யவில்லை என்பதோடு அந்தக் குறியின் சாட்சியம் முடிந்துவிடுகிறது. ஏன் என்பது பற்றி அது மௌனம். அவசரக்காரப் பட்டறையோ அந்தச் சாட்சியத்தையே தீர்ப்பாக வாசித்துவிடுகிறது.

கொலைகாரர்களில் முதல்வன் மிஸ்ஃபயர். பழைய காயிலோ விரிந்த பிளக்கோ ஒரு சிலிண்டரில் பொறியைத் தவறவிட்டால், எரியாத பெட்ரோலும் செலவாகாத பிராணவாயுவும் ஒருசேரக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கேயே எரியும். வழக்கமாக 400 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும் சூடு 1,000 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பயனிழக்கும். 1,400 டிகிரியைக் கடந்தால் பீங்கானே உருகும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது இந்த அபாயத்தின் அறிவிப்பே. அந்த நிலையிலும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டுகிறவர், பத்து இருபது டாலர் பிளக்குக்காகப் பல நூறு டாலர் கன்வெர்ட்டரைப் பலியிடுகிறார்.

எண்ணெயும் கூலண்டும் மெதுவாகக் கொல்பவை. எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள், பிஸ்டன் வளையம் தளர்ந்த வண்டியில் எண்ணெயோடு எரிந்து, பூச்சின்மேல் படலமாகப் படியும். கன்வெர்ட்டரைக் காப்பதற்காகவே எண்ணெயிலுள்ள பாஸ்பரஸின் உச்சவரம்பை 2004இல் 0.08 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அதனால் தங்கள் எஞ்சின்களின் கேம் தேய்கிறது என்று புராதனக் கார்ப் பிரியர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். 2000, 2001ஆம் ஆண்டுச் செரோக்கிகள் சிலவற்றில் சிலிண்டர் ஹெட் விரிசல் கண்டு கூலண்ட் கசிவது அமெரிக்கப் பட்டறைகளில் பிரசித்தம். அப்படிக் கசியும் கூலண்ட் எரிகிற இடத்தை எட்டினால் அதிலுள்ள ரசாயனங்களும் அதே தீங்கைச் செய்யும். இன்னொரு விபரீதமும் உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சிறு வெடிப்பு விழுந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால், முன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று ஏமாந்து பொய்ச் செய்தி அனுப்ப, எஞ்சின் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

ஆகவே அனுபவசாலியான மெக்கானிக் கன்வெர்ட்டரைக் கடைசியில்தான் தொடுவார். எண்ணெய் எவ்வளவு குறைகிறது, கூலண்ட் மட்டம் காரணமின்றி இறங்குகிறதா, சென்சாரின் சொல் கேட்டு எஞ்சின் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். முன் சென்சாரைக் கழற்றி அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் எஞ்சின் ஓடும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 பவுண்டுக்கு மேல் ஏறினால் அடைப்பு என்று கொள்வார். பெட்டியை ரப்பர்ச் சுத்தியலால் தட்டி, உள்ளே கலகலவென்று ஒலித்தால் பீங்கான் உடைந்துவிட்டது என்று அறிவார். கழற்றிய பெட்டியை அறுத்துப் பார்ப்பதும் பயனுள்ளது. துளைகள் உருகி, பளபளக்கும் கட்டியாக இறுகியிருந்தால் மிஸ்ஃபயர். உருக்குலையாமல் வெளிறிய பொடி அப்பியிருந்தால் எண்ணெய் அல்லது கூலண்ட். ஓரம் நொறுங்கி வெளிக்கூட்டில் நசுங்கல் இருந்தால் பாறையிலோ கல்லிலோ பட்ட அடி. சவப் பரிசோதனை செய்யாமலே அடுத்ததைப் பூட்டுகிறவர்கள்தாம் ஒன்றிரண்டு ஆண்டில் திரும்பி வருகிறார்கள். பின் சென்சாரின் அடியில் இடைக்குழாய் வைத்துக் கணினியை ஏமாற்றுவதையும், பீங்கானை இடித்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை மாட்டுவதையும் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டும் சட்டவிரோதம், முதலாவது நோயையும் மறைத்துவிடுகிறது.

இவ்வளவும் சொன்னபின், கன்வெர்ட்டரே குற்றவாளியாகும் சந்தர்ப்பத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வெளிக் கம்பெனிகள் மாற்றாகச் செய்து விற்கும் கன்வெர்ட்டர்களுக்கு அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் நிர்வாகம் 1986இல் வகுத்த கொள்கை, கூட்டுக்கு 50,000 மைல் உத்தரவாதம் கேட்டதேயன்றி, புகையைச் சுத்திகரிக்கும் திறனுக்கு 25,000 மைலோடு திருப்தியடைந்துவிட்டது. மலிவான சரக்கில் விலையுயர்ந்த உலோகம் குறைவாகவே பூசப்பட்டிருக்கும். ரோடியத்தின் விலை 2021இல் அவுன்ஸுக்கு 29,000 டாலரை நெருங்கிய காலத்தில், உயரமான எஸ்.யூ.வி.க்களின் அடியில் ஜாக்கி இல்லாமலே நுழைந்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போன திருடர்கள் அதன் மதிப்பை நன்றாக அறிந்திருந்தார்கள். கலிபோர்னியாவோ 2009 முதல் தன் எல்லைக்குள் விற்கும் மாற்றுக் கன்வெர்ட்டர்கள் ஐந்து ஆண்டு அல்லது 50,000 மைல் தாங்கவேண்டும், வண்டியின் சுயசோதனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாக விதித்துவிட்டது. அதனால் அங்கே விலையும் அதிகம். வண்டியின் விலையையே எட்டிப்பிடிக்கும் ஒரு பொருளை அந்த வண்டிக்கு வாங்க மனம் கூசுவது இயல்பே. அடுத்த ஆண்டே விற்றுவிடப் போகிறவர் மலிவானதைப் பூட்டிக்கொள்வதில் நான் குறைகாணமாட்டேன். இன்னும் பத்தாண்டு ஓட்ட நினைப்பவரோ, முதலில் காயிலுக்கும் பிளக்குக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கும் செலவழித்துவிட்டு, பிறகு பணம் சேர்த்துக் கலிபோர்னியா அங்கீகாரம் பெற்றதை வாங்குவது உத்தமம். அந்த மாநிலத்தில் குடியிராதவரும் அதை வாங்கிப் பூட்டிக்கொள்ளத் தடையேதுமில்லை.